அடையாளத்துக்கு ஒரு மரம்



பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துக் கிராமங்களில் வழி கேட்டுப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். தெருப்பெயரும் கதவு எண்ணும் அங்கே யார் வாயிலும் வராது. “தம்பி, இப்படியே நேராப் போங்க. ஒரு புளியமரம் வரும், அதுல திரும்பிடாதீங்க. அதுக்கு அப்பால ரெட்டைப்பனை. அங்க சோத்துக்கைப் பக்கம் திரும்பினா ஐயனார் கோயில் வேம்பு தெரியும். அதுக்கு எதுத்தாப்புல இருக்கிற கொல்லைதான்” என்பார்கள். இந்த ஐந்து வாக்கியத்தில் ஊரே அடங்கிவிடுகிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சில இடங்களில் அந்தப் புளியமரம் போய்ப் பல வருடம் ஆகியிருக்கும். ஆனாலும் பேருந்தில் ஏறி “புளியமரம் ஸ்டாப்” என்று கேட்டால் நடத்துனர் சீட்டுக் கொடுப்பார், ஓட்டுநர் சரியான இடத்தில் நிறுத்துவார். மரம் நின்ற இடத்தில் இப்போது நிற்பது அதன் பெயர் மட்டும்.

மரம் நிழல் தரும், மழை தரும், காற்றைத் தூய்மையாக்கும் என்று பேசப் பலர் இருக்கிறார்கள். நான் இன்று பேச வந்தது வேறு. நம் ஊர்களில் மரம் ஓர் ஆவணமாக இருந்திருக்கிறது. ஊரின் பெயர், நிலத்தின் எல்லை, அரசனின் மானம், சாமியின் இருப்பிடம், சாட்சி சொல்லும் இடம் என எல்லாவற்றையும் நம் முன்னோர் ஒரு மரத்தை முன்வைத்தே குறித்தார்கள். அந்த ஆவணத்தில் ஏடுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து வருகின்றன. எஞ்சியிருப்பதையாவது பெயர் சொல்லிப் பதிந்து வைக்க வேண்டும். இதுதான் என் பேச்சின் சாரம்.

முதலில் ஊர்ப்பெயர்களுக்கு வருவோம். பெரம்பலூர் மாவட்டத்தில் வேப்பந்தட்டை, வேப்பூர் இரண்டிலும் வேம்பு இருக்கிறது. ஆலத்தூரிலும் ஆலம்பாடியிலும் ஆல். அத்தியூரில் அத்தி. முருக்கன்குடியில் முருக்கு. பூலாம்பாடியில் பூலா. அரியலூர் மாவட்டத்துக்குள் வந்தால் இலுப்பையூர், விளாங்குடி, இலந்தைக்கூடம், இலைக்கடம்பூர், மருதூர் என்று இலுப்பையும் விளாவும் இலந்தையும் கடம்பும் மருதமும் வரிசையாக நிற்கின்றன. ஆலத்தியூர் என்று சொல்லும்போது ஆலும் அத்தியும் சேர்ந்தே காதில் விழுகின்றன. ரா.பி. சேதுப்பிள்ளை ‘ஊரும் பேரும்’ எழுதியபோது தமிழகம் முழுவதற்கும் செய்த வேலையை, இந்த இரண்டு மாவட்டங்களுக்கு மட்டும் ஒரு கல்லூரி மாணவர் உட்கார்ந்து செய்தால் தனி நூலே ஆகும்.

ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் அழகுக்காக மரத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. மரம் அவர்களுக்கு மண்ணின் குணத்தைச் சொன்னது. வேம்பு மழை பொய்த்தாலும் நிற்கும். மேட்டுநிலமும் கரிசலுமான பெரம்பலூர்ப் பக்கம் அதன் பெயர் வட்டத் தலைநகருக்கே அமைந்ததில் வியப்பில்லை. மருதம் நீரோரத்து மரம். பச்சைமலையில் பிறந்து இரண்டு மாவட்டங்களையும் கடந்து கொள்ளிடத்தில் சேரும் ஆற்றுக்கு மருதையாறு என்று பெயர். 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே அந்த ஆற்றுப் பாலத்தில் நடந்த ரயில் விபத்துதான் வெளியூர்க்காரர்களுக்கு அதைத் தெரியப்படுத்தியது. அதற்குப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியது நாடறிந்த செய்தி. ஆனால் அந்த ஆறு தன் பெயரில் சுமப்பது விபத்தை அல்ல, கரையில் நின்ற மருத மரங்களை.

இலுப்பையின் கதை வேறு. அதன் கொட்டையிலிருந்து ஆட்டிய எண்ணெய்தான் கோயில் விளக்குக்குப் போனது. ஆகவே இலுப்பைத் தோப்பு கோயில் சொத்தாக இருந்தது. இனிப்பான அதன் பூவைக் கொண்டுதான் “ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை” என்ற பழமொழி பிறந்தது. கரும்பாலை இல்லாத ஊரில் அந்தப் பூவே இனிப்பு என்பது பொருள். இன்று பெரம்பலூர் மாவட்டத்தில் எறையூரில் சர்க்கரை ஆலையே இருக்கிறது. இலுப்பையைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஊர்ப்பெயரில் ஒலிக்கும் எல்லாவற்றையும் மரமாக்கிவிடக் கூடாது. பெரம்பலூரையே பெரும்புலியூர் என்பதன் திரிபாகச் சொல்கிறார்கள். அங்கே இருப்பது காட்டுப் புலி. லகர ளகரம் மாறினால் புலியூர் புளியூராகி, விலங்கு மரமாகிவிடும். கல்வெட்டில் அந்தப் பெயர் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது.

பெயரும் மரமும் கோயிலும் ஒன்றாகவே நிற்கும் இடம் ஒன்று உண்டு. அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் உள்ள கீழப்பழுவூர். பழுமரம் என்றால் ஆலமரம் என்று பழைய நிகண்டுகள் பொருள் சொல்கின்றன. அந்த ஆல் ஊருக்குப் பெயரானது. அங்கே கோயில் கொண்ட சிவபெருமானுக்குத் தமிழில் ஆலந்துறையார் என்று பெயர். வடமொழியில் வடமூலநாதர். வடம் என்றாலும் ஆல்தான். தலமரமும் ஆல். ஒரே மரம் ஊருக்கு ஒரு சொல்லாலும், சாமிக்கு இரண்டு மொழிகளில் இரண்டு சொற்களாலும் பெயர் தந்திருக்கிறது. திருஞானசம்பந்தர் இந்த ஊரைப் பாடியபோது மலையாளத்து அந்தணர் இங்கே வழிபட்டதையும் குறிப்பிடுகிறார். மேற்குக் கரையிலிருந்து வந்தவர்களும் கூடும் இடமாக அது அன்றே இருந்திருக்கிறது.

இந்தப் பழுவூரிலிருந்துதான் பழுவேட்டரையர் என்ற சோழ நாட்டுச் சிற்றரசர் மரபு வந்தது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ படித்த எல்லோருக்கும் பெரிய பழுவேட்டரையரைத் தெரியும். அவருடைய மீசையை, மார்பிலிருந்த தழும்புகளை, கோபத்தைத் தெரியும். அவர் பெயரின் முதற்பகுதி ஓர் ஆலமரம் என்பதை யாரும் நினைப்பதில்லை. கீழையூரில் அந்த மரபினர் எடுத்த இரட்டைக் கோயில்கள் இன்றும் நிற்கின்றன. கல்லில் கட்டியதைப் பார்க்கப் போகிறோம். கட்டியவர்களுக்குப் பெயர் தந்த மரத்தைப் பற்றிக் கேட்பதில்லை.

கொள்ளிடக் கரையில் திருமழபாடி. சுந்தரர் பாடிய தலம். அங்கே தலமரம் பனை. ஆல், பனை, வன்னி, வில்வம் என்று ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு மரம் இருப்பதைப் பிற்காலப் புராணக்காரர்கள் ஏற்படுத்திய அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். பல ஊர்களில் மரம் முதலில் இருந்தது. மரத்தடியில் சாமி வந்தது. சாமிக்குக் கூரை பிறகு வந்தது. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் கலியுக வரதராசப் பெருமாள் கோயில் இருக்கிறது. அங்கே மூலவராக வணங்கப்படுவது ஒரு கம்பம். காணாமல் போன பசு ஒரு மரத்துக்கும் புதருக்கும் நடுவே சாய்ந்து கிடந்த கம்பத்தின் மேல் பால் சொரிந்து நின்றது என்பது கோயில் கதை. தெய்வத்தைக் கண்டெடுத்த இடத்தைச் சொல்லக்கூட அந்தக் கதைக்கு ஒரு மரம் அடையாளமாக வேண்டியிருந்தது.

இனி அரசர்களுக்கு வருவோம். சங்க காலத்தில் ஒவ்வொரு அரசனுக்கும் காவல்மரம் ஒன்று இருந்தது. கடிமரம் என்றும் சொல்வார்கள். பகைவன் அதை வெட்டிவிட்டால் அரசனின் மானம் போயிற்று. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் பகைவரின் கடம்பை வெட்டி அதில் முரசு செய்தான். செங்குட்டுவன் மோகூர்ப் பழையனின் வேம்பை வெட்டினான். இவை பதிற்றுப்பத்து சொல்லும் செய்திகள்.

நன்னன் என்ற அரசனின் கதை கொடியது. அவனுடைய காவல் மாமரத்திலிருந்து ஆற்றில் விழுந்து மிதந்து வந்த காயை ஒரு பெண் எடுத்துத் தின்றாள். அது நன்னனின் மரம் என்று அவளுக்குத் தெரியாது. குற்றத்துக்கு ஈடாக எண்பத்தொரு யானைகளும், அவள் எடைக்குப் பொன்னால் செய்த பாவையும் தருகிறோம் என்றார்கள் அவள் வீட்டார். அவன் கேட்கவில்லை, அவளைக் கொன்றான். பிறகு கோசர் சூழ்ச்சி செய்து அந்த மாமரத்தையே வெட்டி வீழ்த்தினார்கள். பெண்கொலை செய்த நன்னன் என்ற பழி இரண்டாயிரம் ஆண்டாக அவன் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மரத்தைப் போற்றுவது நல்லதுதான். மரத்தை அதிகாரத்தின் சின்னமாக்கினால் மனித உயிர் அதற்குக் கீழே போய்விடும் என்பதையும் நம் இலக்கியமே சொல்லி வைத்திருக்கிறது.

இந்தச் செய்திகளெல்லாம் நமக்குக் கிடைத்ததில் இந்த மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. 1894-இல் புறநானூற்றையும், 1904-இல் பதிற்றுப்பத்தையும், 1937-இல் குறுந்தொகையையும் அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர் சிறுவயதில் தமிழ் படித்தது இந்த வட்டாரத்தில்தான். அரியலூரில் சடகோபையங்காரிடமும், குன்னத்தில் இருந்தபோதும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் பாடம் கேட்டதை அவர் ‘என் சரித்திர’த்தில் விரிவாக எழுதியிருக்கிறார். செங்கணத்தில் யாப்பருங்கலக்காரிகை கற்ற பையன்தான் பின்னாளில் கடம்பும் வேம்பும் மாவும் வெட்டப்பட்ட கதைகளை ஓலையிலிருந்து மீட்டுக் கொடுத்தார். குன்னம் இன்று பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு வட்டத் தலைநகரம். அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

மன்னர்களை விட்டு நிலத்துக்கு வருகிறேன். சோழர் காலத்தில் ஊர் ஒன்றைத் தானமாகக் கொடுத்தால், பெண்யானையை நடத்தி எல்லை சுற்றி வருவார்கள். ‘கல்லும் கள்ளியும் நாட்டி’ என்பது செப்பேடுகளில் திரும்பத் திரும்ப வரும் தொடர். ஒருபுறம் கல், மறுபுறம் செடி. கல் சாகாது, கள்ளி ஒடித்து நட்டாலும் பிழைக்கும். எல்லையை உயிருள்ளதும் உயிரில்லாததுமாக இரண்டு சாட்சிகளிடம் ஒப்படைத்தார்கள். அந்தச் செப்பேடுகளிலேயே தெங்கும் பனையும் கள்ளிறக்குவோர் ஏறக் கூடாது என்பது போன்ற உரிமைகளும் எழுதப்பட்டிருக்கும். மரத்தில் யார் ஏறலாம் என்பதுகூட அரசு முடிவு செய்யும் விஷயமாக இருந்தது.

அந்த வழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. உங்கள் வீட்டு நிலப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். ‘மாவடை மரவடை உள்பட’ என்று எழுதியிருக்கும். நிலத்தோடு மரமும் கைமாறுகிறது என்பதற்கான சட்டச் சொல் அது. பதிவு அலுவலகத்தில் பத்திர எழுத்தர் யோசிக்காமல் எழுதிவிடுகிறார். நாமும் வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிறோம். கிராம நிர்வாக அலுவலரின் கணக்கில் 2சி பட்டா என்று ஒன்று உண்டு. புறம்போக்கு நிலத்தில் நிற்கும் மரத்தின் பலனை அனுபவிக்கும் உரிமையைத் தனியாளுக்குத் தருவது அது. நிலம் அரசுடையது, புளி அவருடையது. சாலையோரப் புளியமரங்களின் காய்ப்பு ஆண்டுதோறும் ஏலம் போவதும் நாம் பார்ப்பதுதான். நெடுஞ்சாலை மரங்களுக்குப் பட்டையாக வண்ணம் பூசி எண் எழுதியிருப்பார்கள். ஆக, அரசாங்கத்துக்கும் மரம் எண்ணிட்ட ஒரு சொத்து.

அந்த எண்ணுக்கும் நான் முதலில் சொன்ன பெயருக்கும் வேறுபாடு இருக்கிறது. எண்ணிட்ட மரம் விழுந்தால் ஏட்டில் ஒரு கோடு போட்டு அடித்துவிடலாம். ‘பஞ்சாயத்துப் புளியமரம்’ என்று ஊர் சொல்லும் மரம் விழுந்தால் அடிப்பதற்கு ஏடு இல்லை. அந்தப் பெயர் எதைக் குறித்தது என்று தெரிந்த கடைசி ஆள் இருக்கும் வரைதான் அதற்கு அர்த்தம்.

மொழிக்குள் மரம் எவ்வளவு தூரம் வேரோடியிருக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். தொல்காப்பியம் மரபியலில் வயிரம் வெளியே இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம் என்று பிரிக்கிறது. அந்தக் கணக்குப்படி திருமழபாடியின் பனை புல் இனம்! இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லைப் போலவே ஒருவித்திலைத் தாவரமாகத்தான் வைக்கிறது. தமிழ் நிகண்டுகளில் தேவர் பெயருக்கும் மக்கள் பெயருக்கும் தனித்தனித் தொகுதி இருப்பது போல மரப்பெயர்த் தொகுதி என்று ஒன்று தவறாமல் இருக்கும். அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சியில் இருந்து பணியாற்றிய வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியை உருவாக்கியபோது அந்த நிகண்டுச் செல்வத்தைத்தான் அகர வரிசைக்கு மாற்றினார். இத்தாலியிலிருந்து வந்தவர் நம் மரங்களின் பெயர்களை முறைப்படுத்தி வைத்தார். நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஒதியமரத்தையும் மாவிலங்கத்தையும் பார்த்தால் பெயர் சொல்லத் தெரியும்?

உறவைக் குறிக்கவும் மரம்தான் கைகொடுத்தது. கிளை என்றால் கொம்பும் ஆகும், சுற்றமும் ஆகும். வம்சத்தைக் கொடிவழி என்கிறோம். குடும்பத்தைத் தாங்கும் பிள்ளையை விழுது என்கிறோம். நல்ல இடத்தில் சம்பந்தம் அமைந்தால் “புளியங்கொம்பாப் புடிச்சுட்டான்” என்கிறார்கள். மரம் ஏறிப் பழகியவர்களுக்குத்தான் அந்தப் பேச்சின் நுட்பம் புரியும். முருங்கைக் கொம்பு சட்டென்று முறியும். புளியங்கொம்பு வளையும், முறியாது. வீட்டு முகப்பில் மரமே இல்லாமல் வளரும் தலைமுறை இந்தச் சொல்லைப் பயன்படுத்தும், ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் அனுபவம் அவர்களிடம் இருக்காது.

வெளிநாட்டிலிருந்து வந்த மரங்களையும் சொல்ல வேண்டும். ஆண்டிமடம், செயங்கொண்டம், செந்துறைப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் முந்திரிக் கொல்லை. பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்த மரம் அது. இந்தச் செம்மண்ணைப் பார்த்ததும் இதுதான் என் ஊர் என்று உட்கார்ந்துவிட்டது. கொட்டை பொறுக்குவது, பருப்பு உடைப்பது, பழத்தை உப்புத் தொட்டுத் தின்பது என்று அதற்கென்று ஒரு வாழ்க்கையே உண்டாகிவிட்டது. பூர்வீக மரம்தான் பண்பாடு, வந்த மரம் அந்நியம் என்ற வாதம் முந்திரிக் கொல்லையில் எடுபடாது.

பெண்களும் விவசாயிகளும் மரத்தோடு வைத்திருந்த கணக்கு வழக்கு தனி. பிள்ளை வரம் வேண்டி மரத்தில் தொட்டில் கட்டுவார்கள். அரசுக்கும் வேம்புக்கும் கல்யாணம் செய்து வைப்பார்கள். மாடு கன்று போட்டால் அதன் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரக் கிளையில் கட்டித் தொங்கவிடுவார்கள். ஆல் பால்மரம், மாட்டுக்குப் பால் பெருகும் என்பது நம்பிக்கை. நாயும் காக்கையும் எட்டாத உயரத்தில் அது போய்ச் சேர்வதால் ஊர் சுத்தமாக இருந்தது என்பதும் உண்மை.

அரும்பாவூரில் மரம் வேறு விதமாகத் தெய்வமாகிறது. பச்சைமலை அடிவாரத்து அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ச் சிற்பமும் வாகனங்களும் சாமி உருவங்களும் செதுக்குகிறார்கள். வாகை, மா, வேம்பு, மாவிலங்கம், ஒதியம் என எந்த மரம் எந்த உளிக்கு இசையும் என்பது அவர்கள் கை அறிந்த பாடம். அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காப்பாற்றும். உளிக்கு மரம் வேண்டுமானால் மலையும் தோப்பும் மிஞ்ச வேண்டும்.

இந்த மண்ணின் மிக மூத்த அடையாள மரத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் பேச்சு நிறைவடையாது. அது பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில், சாத்தனூரில் இருக்கிறது. நிற்கவில்லை, கிடக்கிறது. பதினெட்டு மீட்டருக்கு மேல் நீளமுள்ள அடிமரம், முழுக்கக் கல். ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை குறிக்கிறது. அப்போது இந்தப் பகுதி கடலோரம். கரையில் வளர்ந்த மரங்கள் ஆற்றோடு வந்து கடலடி மணலில் புதைந்தன. மரத்தின் நார் நாராக இருந்த இடத்தில் மண்ணின் சிலிக்கா மெல்ல மெல்லப் புகுந்து உருவம் மாறாமல் கல்லாயிற்று. இது ஊசியிலை மர இனம். பூத்துக் காய்க்கும் மரங்கள் உலகில் பெருகுவதற்கு முந்தையது. 1940-இல் இதைப் பற்றி முதலில் அறிவித்தவர் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன். பின்னாளில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் அவர். வரகூர், ஆனைப்பாடி ஊர்களின் பக்கமும் கல்மரத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன.

இன்று சாத்தனூர்க் கல்மரத்துக்குத் தேசியப் புவியியல் சின்னம் என்ற தகுதி இருக்கிறது. சுற்றுவேலி இருக்கிறது, காவல் இருக்கிறது, அறிவிப்புப் பலகை இருக்கிறது. சங்க காலத்துக்குப் பிறகு இந்த வட்டாரத்தில் அரசுக் காவல் பெற்ற மரம் இதுதான் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அதில் ஒரு வருத்தமும் இருக்கிறது. கல்லான மரத்துக்குக் கிடைத்த காவல் பச்சை மரத்துக்குக் கிடைக்கவில்லை.

திருச்சி–சென்னை நெடுஞ்சாலை நான்கு வழியானபோது சாலையோரப் புளியமரங்கள் போயின. சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் எடுக்கும் இடத்தில் மேல்மண்ணோடு மரமும் போகிறது. சிமெண்ட் இல்லாமல் வீடு இல்லை, சாலை இல்லாமல் மருத்துவமனைக்குப் போக முடியாது. அதை மறுத்துப் பேச நான் வரவில்லை. வெட்டுவதற்கு முன்னால் “இது எந்த மரம், இதற்கு ஊரில் என்ன பெயர்?” என்று யாராவது கேட்டார்களா என்பதே என் கேள்வி. மரத்தை எண்ணியவர்கள் சுற்றளவை அளந்தார்கள், விலை போட்டார்கள். பெயரைக் கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.

அடையாள மரத்தை இழந்த கதை வெளிநாட்டிலும் உண்டு. ஆப்பிரிக்காவில் நைஜர் நாட்டுச் சகாராப் பாலைவனத்தில் தெனேரே மரம் என்று ஒற்றை வேலமரம் நின்றது. சுற்றிலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு வேறு மரம் கிடையாது. ஒட்டக வணிகர்களுக்கு அதுதான் வழிகாட்டி. நிலப்படத்திலும் அதைக் குறித்திருந்தார்கள். 1973-இல் ஒரு லாரி மோதி அது சாய்ந்தது. அவ்வளவு பரந்த வெளியில் மோத ஒரே ஒரு மரம்தான் இருந்தது, அதன் மேலேயே மோதினார்கள். காய்ந்த மரத்தை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய், அது நின்ற இடத்தில் இரும்பில் ஒரு மரம் செய்து வைத்தார்கள்.

நம் பக்கத்திலேயே நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. பெங்களூரை அடுத்த தேவனஹள்ளி அருகே நல்லூரில் பழைய புளியந்தோப்பு ஒன்று உண்டு. சோழர் காலத்து மரங்கள் என்று அங்கே மக்கள் சொல்கிறார்கள். 2007-இல் அது இந்தியாவின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. முதல் தகுதி பெரிய காட்டுக்குப் போகவில்லை, ஊர்ப் புளியந்தோப்புக்குப் போயிற்று. மகாராஷ்டிரம் 2021-இல் சட்டத்தைத் திருத்தி, ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட மரங்களை மரபு மரங்கள் என்று வகைப்படுத்தியது. தமிழ்நாட்டிலும் 2021-இல் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. பனை நம் மாநில மரம். அதற்குக் கிடைத்த அக்கறை ஊர் மந்தையில் நிற்கும் ஆலுக்கும் அரசுக்கும் புளிக்கும் வர வேண்டும்.

அதற்குப் புதுச் சட்டம் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றைப் பராமரிக்க வேண்டும். தாவரத்தின் பெயரோடு அதைப் பற்றி ஊர் மக்கள் அறிந்ததையும் எழுதத்தான் அந்தப் பதிவேடு. உங்கள் ஊர் அடையாள மரங்களுக்கு அதைவிடப் பொருத்தமான ஏடு வேறு இல்லை.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இதுதான். மாணவர்களே, உங்கள் ஊரில் பெயருள்ள மரங்களைக் கண்டறியுங்கள். இனம் என்ன, ஊர் சொல்லும் பெயர் என்ன, அந்தப் பெயர் ஏன் வந்தது, எந்தப் புல எண்ணில் நிற்கிறது என்ற நான்கையும் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். மரம் போய்ப் பெயர் மட்டும் நிற்கும் இடங்களையும் விடாதீர்கள். அங்கே அதே இனத்து நாற்று ஒன்று நடலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்து வரும் கூட்டத்தில் இந்தப் பட்டியலைத் தீர்மானமாக வைத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிய மரத்தை வெட்ட வருகிறவர் ஊருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.